குழாயில் வந்த ரோஸ் நிறம்

தார்ப்பாயைச் சுற்றுலா கேரவன் வண்டி மேல் இழுத்துப் போட்டு, பதினாறு பட்டைகளையும் இறுக்கிக் கட்டி முடித்த பிறகுதான் வெர்லின் ஹாகனுக்குக் குழாய்களின் நினைவு வந்தது.

"போச்சு."

பக்கத்து வீட்டு மைலோ வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தான். "என்ன, யாரையாச்சும் உள்ள வச்சுக் கட்டிட்டியா?"

"குழாயில தண்ணி நிக்குது. இன்னிக்குப் பனி கொட்டப் போகுதாம். உறைஞ்சு வெடிச்சிரும்."

நாற்பத்தோரு குளிர்காலமாகக் கேரவனை மூடி வைக்கும் வேலையில் வெளியே அவர், உள்ளே மனைவி ஆர்டிஸ். வெளிவேலை என்றால் ஏணியில் நின்று கத்துவது. உள்வேலை என்றால் தொட்டிக்கு அடியில் தலையைவிட்டு, மண்டி போட்டு, குழாய் குழாயாகப் பார்ப்பது. அவள் என்ன செய்கிறாள் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். அக்டோபரில் அவளைப் புதைத்தாயிற்று.

பட்டைகளை அவிழ்த்தார். தார்ப்பாய் ஏணியில் மாட்டி ஒரு முழம் கிழிந்தது.

உள்ளே அவளுடைய காபிக் கோப்பை கொக்கியிலேயே தொங்கியது. இதையும் பாழாக்கிவிட்டு அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்தார். சொல்ல அவள் இல்லை என்பது கொஞ்சம் தாமதமாக உறைத்தது.

குழாயைத் திறந்தார். ரோஸ் நிறத்தில் கொட்டியது.

"கெட்டுப்போச்சுடா," என்றான் பின்னாலேயே வந்த மைலோ. அவன் ஜென்மத்தில் கேரவன் வைத்திருந்ததில்லை. "நல்லாக் கழுவி விடு."

தோட்டத்து ஹோஸ் பைப்பை மாட்டி ஒரு மணி நேரம் கழுவினார். பளிங்காகத் தண்ணீர் வந்தது. வெர்லினுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இப்ப எல்லாக் குழாயும் நிறைஞ்சிருக்குமே," என்றான் மைலோ.

அதை வடிக்க ஒரு திருகைத் திறந்தார். தண்ணீர் மெத்தை மேல் பீய்ச்சியது. மெத்தையைக் காய வைக்க ஆர்டிஸின் தலைமுடி உலர்த்தியைச் செருகினார். ஃபியூஸ் போயிற்று. இருட்டில் தடவித் திருகை மூடும்போது அதன் பிடி கையோடு வந்துவிட்டது.

"இனிமே எதையும் தொடாத, வெர்லின். கும்பிட்டுக் கேக்கறேன்."

வெளியே ஹோஸ் பைப் உறைந்து குச்சியாக விறைத்திருந்தது. வண்டிச் சாமான் கடை அடைக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, நனைந்த சட்டையோடு ஓடினார்.

"டார்லா, கேரவன் குழாய் வெடிக்காம இருக்க ஏதாச்சும் ஊத்துவாங்களாமே?"

கடைக்காரி டார்லா ஒரு கேனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே ரோஸ் நிறத் திரவம் தளும்பியது.

வெர்லின் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கை பர்ஸுக்குப் போகவில்லை.

"ஆனா உங்களுக்கு எதுக்கு இது?" என்றாள் டார்லா. "செப்டம்பர்லயே ஆர்டிஸ் வந்து, நிக்கக்கூட முடியாம இந்த மேஜையப் பிடிச்சுக்கிட்டு, 'அவருக்குத் தார்ப்பாய் மட்டும்தான் கட்டத் தெரியும், இந்த வருஷம் நான் முன்னாடியே ஊத்தி வச்சிட்டுப் போயிடறேன்'னு மூணு கேன் வாங்கிட்டுப் போனாங்களே."