தட்டை மறைங்க, டாக்டர் வர்றாரு!

ஊரையே பயமுறுத்தி வைத்தவன் விருந்துக்குக் கூப்பிட்டால் ஊர் வராது. இந்தச் சாதாரண விஷயம் மருத்துவக் கல்லூரிப் பாடத்தில் இல்லை. (இருந்திருந்தால் மனப்பாடம் செய்திருப்பேன். அப்போது எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.)

நான் அரசாங்க உபகாரச் சம்பளத்தில் படித்தவன். படித்து முடித்ததும் அவர்கள் சொல்கிற இடத்தில் சில வருடம் வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். எங்கள் ஊரான ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் எங்காவது போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். போட்டார்கள், சிகாமட் டவுனுக்கும் உள்ளே தள்ளி, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு கிளினிக்கில். அங்கே டாக்டர் நான் ஒருத்தன். பின்னால் இருந்த குவாட்டர்ஸிலும் நான் ஒருத்தன்.

பகலில் கூட்டம் இருக்கும். சாயங்காலம் கடைசி மோட்டார் சைக்கிள் போய்விட்டால் செம்பனை மரங்களும் நானும்தான். டி.வி.யில் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால் பதிலுக்கு வணக்கம் சொல்வேன். சிரிக்காதீர்கள், அன்றைக்கு எனக்கு வணக்கம் சொன்ன ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். சில நாள் அதைச் சொல்லும்போதே அழுகை வந்துவிடும்.

அந்த ஆத்திரத்தையெல்லாம் நோயாளிகள் மீது கொட்டினேன். தோட்டத்தில் நிறையப் பேருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. "இப்படியே சாப்பிட்டா கால் போகும், கண்ணு போகும், கிட்னி போகும்!" என்று நான் கத்துவது மருந்து கொடுக்கும் கவுண்டர் வரை கேட்கும்.

டிராக்டர் ஓட்டும் முனியாண்டி அண்ணன் ஒருநாள் பயந்து பயந்து கேட்டார்: "தேத்தண்ணியில ஒரு கரண்டி சீனிகூட போடக் கூடாதா டாக்டர்?"

"தாராளமா போடுங்க. எந்தக் காலை வெட்டுறதுன்னு மட்டும் இப்பவே சொல்லிட்டுப் போங்க."

மனிதர் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். நான் பிரமாதமாக நகைச்சுவை செய்துவிட்டதாக அன்று முழுக்கப் பூரித்துப் போயிருந்தேன்.

தீபாவளி வந்தது. அவசரத்துக்குக் கூப்பிட்டால் ஓட வேண்டும் என்பதால் வீட்டுக்குப் போக முடியவில்லை. அம்மா போனில் ஒன்றுதான் சொன்னார்: "யாரையாச்சும் கூப்பிட்டு சோறு போடுய்யா. நல்ல நாளும் அதுவுமா தனியா ஒக்காந்து சாப்பிடாதே."

சரி என்று கிளினிக் அறிவிப்புப் பலகையில், டெங்கிக் கொசுப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன்: 'டாக்டர் வீட்டில் தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பு. அனைவரும் வாரீர்.' சிகாமட்டிலிருந்து ஓர் அண்டா ஆட்டுக்கறி, முறுக்கு, நெய் உருண்டை எல்லாம் வரவழைத்தேன். கிளினிக் நாற்காலிகளை வாசலில் வரிசையாகப் போட்டேன். புது ஜிப்பா போட்டுக்கொண்டு காலையிலிருந்து நின்றேன்.

ஒரு கோழி வந்தது. எட்டிப் பார்த்துவிட்டு அதுவும் போய்விட்டது.

மத்தியானம் ஆயிற்று. கறி ஆறிப்போயிற்று. தூரத்தில் தோட்டத்தில் பட்டாசு வெடிக்கிறது, பாட்டு கேட்கிறது, இங்கே காலி நாற்காலிகளுக்கு முன்னால் நான். அவ்வளவு கேவலமாக அதற்கு முன் எனக்கு இருந்ததில்லை. பொறுக்க முடியாமல் அண்டாவைத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கே போனேன்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்குள் கார் திரும்பியதுதான் தாமதம், "டாக்டர் வர்றாரு, தட்டை மறைங்க!" என்று ஒரு குரல் கேட்டது. முனியாண்டி அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தேன். அவருடைய மனைவி லெட்சுமி அக்கா பலகாரத் தட்டின் மேல் சேலைத் தலைப்பை விரித்தார். அண்ணன் நெய் உருண்டை டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். வாய் நிறைய இருந்ததால் வாங்க என்றுகூடச் சொல்ல முடியாமல் கையைக் கூப்பினார். மேசையில் வெள்ளரிக்காய் மட்டும் இருந்தது. (தீபாவளிக்கு வெள்ளரிக்காய்!)

"ஏன்க்கா யாருமே வரல? நோட்டீஸ் பாக்கலையா?"

"பாத்தோம் டாக்டர். கிளினிக்ல ஒட்டியிருந்துச்சா, போனா மொதல்ல வெரல்ல குத்தி ரத்தம் எடுப்பீங்கன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க."

"அம்மா தனியா சாப்பிடாதேன்னு சொன்னாங்கக்கா..." என்று ஆரம்பித்தேன். புது ஜிப்பாவில் நின்றுகொண்டு, அரசாங்க மருத்துவ அதிகாரியாகிய நான், ஓவென்று அழுதேன்.

"அலமாக்! இம்புட்டுத் திட்டுற ஆளுக்கு வீடு நெறைய ஆளுங்க இருப்பாங்கன்னுல நெனச்சோம்!" என்றார் லெட்சுமி அக்கா. சேலைத் தலைப்பு விலகியது. அண்ணன் டின்னிலிருந்து எழுந்தார்.

பிறகு நடந்ததுதான் விபரீதம். அண்டாவை ஊருக்குப் பொதுவாக இறக்கிவைத்தார்கள். பதிலுக்கு ஒரு வீட்டில் சாப்பிட்டேன், அடுத்த வீட்டில் கோபித்துக்கொண்டார்கள். அங்கேயும் சாப்பிட்டேன். லயம் முடிவதற்குள் என் வயிறு முடிந்துவிட்டது. முனியாண்டி அண்ணன் என்னைத் தாங்கிப் பிடித்து என் கிளினிக்குக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். அன்று டியூட்டியில் இருந்தவர் மருத்துவ உதவியாளர் ரசாலி. தோட்டத்துப் பக்கமே வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். கையில் டிரிப் ஏற்றிக்கொண்டே, தினமும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக் கேட்டுப் பாடமானதை, என் குரலிலேயே சொன்னார்: "இப்படியே சாப்பிட்டா கால் போகும், கண்ணு போகும், கிட்னி போகும் லா!"

ஜன்னலுக்கு வெளியே தோட்டமே நின்று சிரித்தது. அத்தனை வலியிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னைப் பார்க்க ஆள் வந்திருந்தார்கள்.

ஒப்பந்தக் காலம் எப்போதோ முடிந்து ஜொகூர் பாருவுக்கு வந்துவிட்டேன். இப்போது எனக்கே இனிப்பு நீர். நான் சமையலறைப் பக்கம் திரும்பினால், "டாக்டர் வர்றாரு, தட்டை மறைங்க!" என்று என் மகள் கத்துகிறாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் முனியாண்டி அண்ணன் லெட்சுமி அக்காவோடு பஸ் ஏறி வருகிறார். இரண்டு காலோடும் வாசலில் நின்று, நான் நெய் உருண்டைக்குக் கை நீட்டுவதைப் பார்த்துவிட்டு, "எந்தக் காலு டாக்டர்?" என்று கேட்பார். அதைக் கேட்ட பிறகுதான் நான் சாப்பிட உட்காருகிறேன்.