நிஹால் பார்த்துவிட்டு வந்த கம்பெனி

"துபாயில் நான் பார்த்த கம்பெனிகள்: என் மனப்பதிவுகள்" என்று தலைப்பைத் தட்டிவிட்டு, முக்கால் மணி நேரமாக லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தான் நிஹால். அடுத்த வரி வரவில்லை. எப்படி வரும்? அவன் துபாயில் ஒரு கம்பெனியையும் பார்க்கவில்லை.

நாகர்கோவில் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. இரண்டாம் வருடம். வணிகக் கல்விச் சுற்றுலா என்று நாற்பத்திரண்டு பேரை விமானம் ஏற்றினார்கள். மற்றவர்கள் பெட்டியில் கோட்டும் டையும் போயின. நிஹாலின் பெட்டியில் அவன் உம்மா ஹபீபா பீவி ஒன்பது பார்சல்களை அடுக்கிவிட்டாள். கோட்டாற்றில் ஒரு பையன் கல்ஃபுக்குப் போகிறான் என்று தெரிந்தால் போதும், தெருவே பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்துவிடும். ஷார்ஜா மருமகனுக்கு முந்திரிக்கொத்து, அஜ்மான் மச்சானுக்கு நெத்திலிக் கருவாடு, அல் ஐனில் யாருக்கோ முட்டுவலித் தைலம்.

"உம்மா, நான் கம்பெனி பாக்கப் போறேன்."

"கம்பெனி எங்க ஓடிப்போவப் போவுது? கருவாடு மணம் அடிச்சா ரூமுல ஆளு இருக்க முடியாது. முதல்ல அதக் குடுத்துரு."

கொடுத்தான். கொடுக்கப் போன ஒரு வீட்டிலும் சாப்பிடாமல் விடவில்லை. ஐந்து நாளும் அப்படியே போனது. பஸ்ஸில் பெயர் கூப்பிட்டபோதெல்லாம் அவனுக்காக நண்பன் ஷிபின் "எஸ் சார்" சொன்னான். துறைத்தலைவர் கிருஷ்ணமணிக்குப் பட்டியலிலிருந்து தலையைத் தூக்குகிற வழக்கம் கிடையாது.

ஆனால் ஊருக்கு வந்ததும் அவருக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்துவிட்டது. "பாத்ததப் பத்தி ஒவ்வொருத்தனும் கட்டுரை எழுதித் தரணும். கம்பெனிக்கு வராம ஊரு சுத்தினவன் எவனாவது இருந்தா, கண்டுபிடிச்சா ஃபெயில்தான். ஒரு வருசம் திரும்ப இருந்து படிக்கணும், கேட்டியளா?"

நிஹாலுக்குக் கொச்சியில் ஒரு வங்கியில் வேலை கிடைத்திருந்தது. ஜூனில் சேர வேண்டும். ஃபெயிலானால் அது போச்சு. வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற ஜாஸ்பினிடம் ஓடினான்.

"ஏட்டி ஜாஸ்பின், உன் நோட்ஸ் தாயேன்."

"ஏன், நீயும் அங்கனதானே நின்ன?"

"பின்னால நின்னேன். சத்தம் கேக்கல்ல."

"மூணு கம்பெனியிலயுமா கேக்கல்ல?" என்று முறைத்துவிட்டு, "ரெண்டு கம்பெனி நோட்ஸ ஷிபின் வாங்கிட்டுப் போயிட்டான். இந்தா, கப்பல்ல சரக்கு அனுப்புற கம்பெனி. அப்படியே எழுதி என்னை மாட்டிவிட்டிராத" என்றாள்.

அப்படியே எழுதவில்லை. அதுதான் தப்பாகிவிட்டது. காப்பி என்று தெரியக்கூடாது என்பதற்காக நிஹால் உணர்ச்சியை அள்ளிக் கொட்டினான். 'அங்கே பெட்டிகள் மட்டும் நகரவில்லை, கனவுகளும் நகர்ந்தன' என்று எழுதினான். ஒரு அதிகாரி தன் தோளில் கைபோட்டு, 'தம்பி, நேரம்தான் முதல்' என்று சொன்னதாகவும் எழுதினான். அந்த அதிகாரிக்கு நரைத்த தாடி வைத்தான். எம்.பி.ஏ. படிப்பு இந்த ஒரு வேலையையாவது அவனுக்கு ஒழுங்காகக் கற்றுக் கொடுத்திருந்தது.

கிருஷ்ணமணி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கொள்ளாம்டே! நாப்பத்திரண்டு பேரும் பாத்தாங்க, நீ ஒருத்தன்தான் கண்ணத் தெறந்து பாத்திருக்க. டூர் போயிட்டு வந்ததுக்குக் காலேஜ்ல வைக்கிற பாராட்டு விழாவுல நீதான் பேசுற. ஆமா, உன் போட்டோ ஒண்ணையும் காணல்லியே?"

"போன்ல கிடக்கு சார். நாளைக்குக் கொண்டு வாறேன்."

அன்று சாயங்காலமே தெருக்காரன் ரிஜ்வானோடு கிளம்பினான். நாலுவழிச் சாலை வேலை நடக்கிற இடத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஹெல்மெட்டும் பச்சைக் கோட்டும் வாங்கினார்கள். கோட்டாறு மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற நீல ஷட்டர் போட்ட அரிசிக் குடோன் முன்னால் நின்று ஒரு போட்டோ. பார்க்க லட்சணமாகத்தான் வந்தது.

ரொம்ப லட்சணமாக வந்துவிட்டது. மூன்றாம் நாள் கல்லூரி வாசலில் பத்தடி ஃப்ளெக்ஸ்! 'துபாயில் நம் மாணவச் செல்வம்.' போனில் கடுகளவு இருந்த ஒரு தென்னை, ஃப்ளெக்ஸில் குலையோடு நின்றது.

"ஏலே நிஹால், துபாயில தென்னை நிக்குமா?" என்று கேட்டார் கிருஷ்ணமணி.

"அது ஈச்சை சார். புது வகை."

"அப்படியா? காய்ப்பு கொள்ளாமே" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பிசினஸ் மேனேஜ்மெண்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர்.

ஆனால் அதே ஃப்ளெக்ஸ் கல்லூரித் தாளாளர் யோவானுக்கு வேறொரு யோசனையைக் கொடுத்தது. நிஹாலைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, தட்டிக் கொடுத்தார்.

"உனக்கு ஒரு சந்தோசமான விசயம் மக்கா. குளச்சல்காரரு மரியஜான்னு ஒருத்தரு, நீ போன அதே சரக்குக் கம்பெனியில பதினஞ்சு வருசமா மேனேஜரு. இப்போ லீவுல வந்திருக்காரு. விழாவுக்கு அவருதான் சீஃப் கெஸ்ட்!"

விழாவுக்கு முந்தின நாள் நிஹால் கிருஷ்ணமணிக்குப் போனைப் போட்டு, போர்வைக்குள்ளிருந்து கரகரவென்று பேசினான். "சார், தொண்டை அடைச்சுட்டு. பேசவே முடியல்ல சார்."

"அப்போ நீ பேச வேண்டாம்டே" என்றார் கிருஷ்ணமணி.

நிஹால் போர்வையை விலக்கி மூச்சு விட்டான்.

"ஸ்டேஜ்ல சும்மா இருந்தா போதும். மரியஜான் சார் கம்பெனியப் பத்தி ஒவ்வொண்ணா கேள்வி கேப்பாரு. நீ ஒத்த வார்த்தையில பதில் சொல்லு."

விழாவன்று ஹபீபா பீவி, பார்சல் கொடுத்த வீட்டுப் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். மரியஜான் வந்தார். கறுப்புக் கண்ணாடி, தங்கக் கடிகாரம், நாலு வரிசை தாண்டி அடிக்கிற அத்தர். நிஹாலைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். பொய்யனைப் பார்த்த எரிச்சல் என்று நிஹால் புரிந்துகொண்டான்.

"கேளுங்க சார்," என்றார் தாளாளர்.

"நான் என்னத்தக் கேக்க? தம்பியே சொல்லட்டும்" என்றார் மரியஜான்.

ஒரேயடியாகக் குழி தோண்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு நிஹால் ஆரம்பித்தான். "மூணு மாடி சார்..."

"கரெக்ட்" என்றார் மரியஜான்.

நிஹால் திரும்பிப் பார்த்தான். அவர் வேகமாகத் தலையாட்டினார்.

"ரெண்டாவது மாடியில கண்ட்ரோல் ரூம்."

"கரெக்ட், கரெக்ட்."

"எத்தனை பேரு வேலை செய்றாங்க மரியஜான்?" என்று தாளாளர் குறுக்கே கேட்டார்.

மரியஜான் நிஹாலைப் பார்த்தார். "தம்பி வாயாலயே கேப்போமே."

"நாலாயிரம்" என்றான் நிஹால், வாயில் வந்ததை.

"கூடவும் இல்ல, குறையவும் இல்ல!"

அதன்பிறகு, தொண்டை அடைத்த நிஹாலை நிறுத்த முடியவில்லை. பெட்டி தூக்கும் ரோபோவைச் சொன்னான், நரைத்த தாடி அதிகாரியைச் சொன்னான், மாடியில் இருந்த நீச்சல் குளத்தையும் சொன்னான். எல்லாம் கரெக்ட். அரங்கம் கை தட்டியது. தாளாளர் கேடயம் கொடுத்தார். கிருஷ்ணமணி நூற்றுக்கு நூறு என்று அங்கேயே அறிவித்தார். ஹபீபா பீவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

கூட்டம் டீயும் வடையும் இருக்கிற பக்கம் நகர்ந்தபோது, நிஹாலின் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. மரியஜான். அவனை மேடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். சரி, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தாமல் தனியாக வைத்துக் கேட்கிறார், நல்ல மனுஷன் என்று நினைத்தபோது நிஹாலுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சார், மன்னிச்சிருங்க சார். நான் அங்க..."

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம்," என்று மரியஜான் அவன் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "பதினஞ்சு வருசமா அங்க வெளிய நின்னு லாரி கழுவுறவன் நான், உள்ள போயி எல்லாம் பாத்துட்டு வந்த பிள்ள நீ, நான் மேனேஜர் இல்லன்னு தெரிஞ்சும் அத்தன பேரு முன்னால என்னைக் காட்டிக் குடுக்கல்லியே மக்கா, நீ நல்லா இருப்ப!"