மடியில் கனம்

ஒரு காட்டில் ஆறு பெருகிவிட்டால் அக்கரைக்குப் போகக் கூழைக்கடாவை விட்டால் வேறு கதியில்லை. அலகுப் பையில் ஆளை ஏற்றிக்கொண்டு பறக்கும். அதற்காகத்தான் கொடியாள் என்ற வெள்ளாடு வரிசையில் நின்றாள். குட்டி அக்கரையில் சித்தி வீட்டில் மாட்டிக்கொண்டது. இன்னும் புல் கடிக்கத் தெரியாத குட்டி. இவளுக்கோ பால் கட்டி, நடையே கோணிப் போயிற்று.

ஏறுவதற்கு முன் மின்மினி வளைவுக்குள் நிற்க வேண்டும். அத்தனை மின்மினியும் ஒரே நேரத்தில் எரிந்தால் தோலும் மயிரும் இருந்தும் இல்லாத மாதிரிதான். உள்ளே இருப்பதெல்லாம் திரையில் விழும். திரைக்குப் பின்னால் நரிகள் உட்கார்ந்திருக்கும்.

"கூச்சமா இருக்குங்கய்யா," என்றாள்.

"மடியில கனமில்லேன்னா வழியில என்னம்மா பயம்?" என்றது மூத்த நரி ஒண்டிமுத்து. "பார்த்த கையோட மறந்துடுவோம்."

முன்னங்கால்களைத் தூக்கி நின்றாள். திரைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. அவள் கால்களை இறக்குவதற்குள் வரிசையின் கடைசியிலிருந்த குரங்குக்குச் செய்தி போய்விட்டது.

"ஏன்க்கா, ராசா பிறந்தநாள் சுவரொட்டியத் தின்னுட்டியாமே? மீசை மட்டும் இன்னும் செரிக்கலியாம்."

கொடியாளுக்குக் காது சுட்டது. ஒண்டிமுத்து உதட்டை நக்கிக்கொண்டே வெளியே வந்தது.

"மடியில கனம் இருக்கேம்மா."

"பாலுங்கய்யா. ஆட்டு மடியில வேற என்ன இருக்கும்?"

"அதெல்லாம் தெரியாது. திரவம், அதுவும் அளவுக்கு மேல. மறைப்புக்குப் பின்னால போய்க் கறந்து வெச்சுட்டுப் போ. நாங்க அழிச்சிடுவோம்."

மறைப்புக்குப் பின்னால் அழிக்கப்பட்டவை கிடந்தன: சப்பிய தேனடை, நண்டு ஓடு, வழித்து நக்கிய கலயம் ஒன்று. மடி வற்றிப்போய் அக்கரைக்குப் போய் என்ன செய்ய? கொடியாள் கலயத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குள் வளைவில் கண்ணாடிவிரியன் ஊர்ந்தது.

"பல்லுக்குள்ள என்ன?"

"விஷம்."

ஒண்டிமுத்து முகத்தைச் சுளித்தது. "அதை வாங்கி வெச்சு நாங்க என்ன பண்ண? போ, போ."

கொடியாள் அசைபோடுவதை நிறுத்தினாள்.

"ஐயா, வெட்கப்பட்டுப் பொய் சொல்லிட்டேன். இது பாலில்லீங்க, விஷம். அரளிக்காட்டுல மேஞ்சு வந்தது. சந்தேகமிருந்தா ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

ஒண்டிமுத்து காலிக் கலயத்தைக் காலால் ஓரமாகத் தள்ளியது. "அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? ஏத்தி விடுங்கப்பா."

அலகுப் பைக்குள் விரியன் சுருண்டு ஒதுங்கிப் படுத்தது. "அம்மா, கொஞ்சம் தள்ளியே இருங்க," என்றது. "எனக்கு விஷம்னா பயம்."

அக்கரையில் குட்டி முட்டி முட்டிக் குடித்தது.

நீதி: நல்லதைக் கொண்டுபோகிறவர் அதைக் கெட்டது என்று சொல்லப் பழக வேண்டும், கெட்டதைக் கொண்டுபோகிறவருக்கு உண்மையே போதும்.