வாழைப்பழம் வைத்துப் பாரம் அளந்த கோலி அண்ணன்

ஆரணியில் நாலு பேர் சேர்ந்து எதைத் தூக்கினாலும், ஐந்தாவதாகக் கோலி அண்ணன் வந்து நிற்பார். கை கொடுக்க அல்ல. நாலு பேரில் எவன் சும்மா தொட்டுக்கொண்டு வருகிறான் என்று கண்டுபிடிக்க. பீரோ தூக்குகிறவர்களும் பந்தல்காரர்களும் அவரைக் கண்டாலே வேறு தெருவழியாகப் போவார்கள்.

விசைத்தறிக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறையில் அவர் மெயின்டனன்ஸ், நான் சிஎன்சி என்கிற கம்ப்யூட்டர் கடைசல் மெஷினின் ஆபரேட்டர். எங்கள் மெஷினின் மேசையை நகர்த்துவது பால் ஸ்க்ரூ என்ற நீளமான திருகு. அதற்கும் அதன்மேல் ஓடும் நட்டுக்கும் நடுவே மிளகளவு எஃகுக் குண்டுகள் நூற்றுக்கு மேல் உருளும். பாரம் தாங்குவது அவைதான். எல்லாக் குண்டும் சமமாகத் தாங்குகிறதா என்பது அண்ணனின் வாழ்நாள் கவலை. கோலி என்ற பெயரும் அப்படி வந்ததுதான். தறிக்காரர்கள் கழித்துப்போட்ட ஜக்கார்டு டிசைன் அட்டைகளில், ஓட்டைகளுக்கு நடுவே இடம் தேடி, ஒவ்வொரு குண்டையும் ஒரு ஸ்பிரிங்காக வரைந்து கணக்குப் போடுவார். சலூனுக்குப் போனால் அங்கே கிடக்கும் வாரப் பத்திரிகையை ஒரு பக்கம் விடாமல் படித்துவிட்டு, ஓரங்களில் குண்டு வரைந்துவிட்டு வருவார்.

சொன்னால் யாருக்கும் புரியவில்லை. அதனால் அம்மன் ஊர்வலத்தன்று, சாமி தூக்கும் ஆறு பேரின் தோள்துண்டு மடிப்பிலும் ஆளுக்கொரு வாழைப்பழம் வைத்துவிட்டார். தெரு சுற்றி வந்து சாமியை இறக்கியதும் துண்டுகளைப் பிரித்தார். உயரமான இருவரின் பழம் பஞ்சாமிர்தமாகியிருந்தது. மூன்று பேருடையது லேசாக நசுங்கியிருந்தது. தர்மகர்த்தாவின் மருமகனுடையது கடையில் வாங்கியபடியே இருந்தது.

“சாமி விஷயத்துல இன்னாபா வெளையாட்டு?” என்று கத்தினார் தர்மகர்த்தா.

“சாமிக்கு ஒண்ணும் இல்லிங்க. ரெண்டு பேருதான் தூக்கிகினு வந்தாங்க, அதச் சொல்றேன். ஒரு வெரல் உயரம் ஜாஸ்தியா இருந்தா போதும், அவன் தோள்லதான் மொத்தமும் எறங்கும்.”

ஆதாரத்தை அழிக்க, மருமகன் அந்தப் பழத்தை அங்கேயே உரித்துத் தின்றுவிட்டார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்ததற்குப் பதில் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

அண்ணன் ஒரு கல்யாணத்துக்குப் போளூர் போயிருந்த நாளில் மேசை உதற ஆரம்பித்தது. முதலாளியும் வெளியூரில் இருந்தார். நட்டைக் கழற்றினேன், பதினோரு குண்டுகள் உடைந்திருந்தன. “மாத்தினா அத்தனையும் மாத்து. தேஞ்சதுக்கு நடுவுல புதுசைப் போடாத” என்று அண்ணன் நூறு தடவை சொல்லியிருக்கிறார். மீதியெல்லாம் பளபளவென்றுதானே இருக்கின்றன என்று பதினொன்றை மட்டும் மாற்றிப் பூட்டிவிட்டேன்.

“எல்லாத்தையும் மாத்திட்டியா?” என்று திரும்பி வந்ததும் கேட்டார்.

“மாத்திட்டேண்ணா.”

என்னை நம்பி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதம் ஓடியது. பிறகு திருகு பள்ளம் பள்ளமாகப் பெயர்ந்து மெஷின் நின்றது. அண்ணன் குண்டுகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். பழையவற்றில் ஒரு கீறல் இல்லை. பதினொன்று மட்டும் சிதைந்திருந்தன. தேய்ந்தவற்றைவிட மயிரிழை பெரியவை என்பதால் அத்தனை பாரத்தையும் அவையே சுமந்திருக்கின்றன. அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம் என்பது அவருக்குத் தெரியும்.

“யார்யா இதைப் பூட்டினது?” என்றார் முதலாளி.

“கையெழுத்து என்னுதுதாங்க. பாக்காம போட்டுட்டேன்” என்றார் அண்ணன்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அன்றே அவருக்கு வேலை போனது. கிளம்பும்போது என் தோளைத் தட்டி, “கல்யாணத்துக்குக் கூப்புட மறந்துடாதபா” என்றார். அழைக்கப் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. ஓசூர் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். போன் நம்பரும் மாறிவிட்டது.

கோலி அண்ணா, எந்த ஊர் சலூனில் உட்கார்ந்திருந்தாலும் வாரப் பத்திரிகையைப் புரட்டி இந்தப் பக்கத்துக்கு வராமல் இருக்க மாட்டீர்கள். பதினொன்றை மட்டும் மாற்றியது நான்தான் என்று முதலாளியிடம் நேற்று சொல்லிவிட்டேன். இந்தப் பக்கத்தின் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன், குண்டு வரைந்துகொள்ளுங்கள்.