சம்பந்தி திறந்து பார்த்த குப்பைத்தொட்டி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் இருவரும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் எங்கள் மகளும் அங்கே நலமாயிருக்க வேண்டும். சென்ற வாரம் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கித் தாங்கள் செய்த உபகாரத்துக்கு நன்றி சொல்லவே இக்கடிதம்.

மகள் கல்யாணமாகி உங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் என் மனைவிக்குக் கை அளவு மாறவில்லை. மூன்று பேருக்கே சமைத்தாள். மிச்சத்தைக் கண்டால் அவள் முகம் வாடிவிடுமே என்று, அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்துப் பொட்டலம் கட்டித் தொட்டியில் போட்டு, சட்டியையும் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். அவளோ காலிச் சட்டியைப் பார்த்து, 'ஐயோ பாவம், மனுஷனுக்குப் போதல போலிருக்கே'ன்னு மறுநாள் ஒரு பிடி கூடப் போட்டா. அதையும் கொட்டினேன். இன்னும் போட்டா. ரெண்டே வருஷத்துல ரெண்டு பேர் இருக்கிற வீட்டுல ஏழு பேர் சமையல், சம்பந்தி! குப்பை வண்டிக்காரர், "என்ன சார், தினமும் விருந்தா?"ன்னு கேட்கிறார். வாயைத் திறந்து "போதும்"னு ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் துப்பில்ல.

நீங்க வந்தீங்க. கேன்டீன் நடத்துறவராச்சே, ஹாலைக்கூடப் பார்க்காம நேரா தொட்டியைத் திறந்தீங்க. பின்னாலேயே வந்த என் மனைவியும் எட்டிப் பார்த்தா; உள்ளே முந்தின நாள் சமையல் அப்படியே பொட்டலமா இருந்துச்சு. "எங்க கேன்டீன்லயும் இதே கதைதாம்மா. கடைசியா வர்றவருக்கு இல்லைன்னு சொல்லிடக் கூடாதேன்னு பயந்து கூடப் போடுவோம். அவர் வரவே மாட்டார். அதான் நான் காலையில சட்டியைப் பார்க்கிறதில்ல, தொட்டியைத்தான் பார்ப்பேன்"னீங்க. அவ என்னைப் பார்த்த பார்வை இருக்கே! "சமைச்சதெல்லாம் கொட்டினீங்களா?"ன்னு அழுதுட்டா. "உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்"னேன். "சொல்லியிருந்தா நொந்திருக்காது"ன்னா. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு.

இப்போ ரெண்டு பேருக்குத்தான் சமையல். "போதுமா?"ன்னு அவ கேட்கிறா, "போதும்"னு நான் சொல்றேன். குப்பை வண்டிக்காரர்தான், "வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா சார்?"னு விசாரிச்சார். இந்த நன்றியை எப்படிச் சொல்றதுன்னே தெரியல.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம்.

என்றும் நன்றி மறவாத,
உங்கள் சம்பந்தி

பி.கு.: இதை அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். நெகிழ்ந்துட்டா. உங்களுக்கு நன்றி சொல்லியே ஆகணும்னு காலையிலேர்ந்து சமைக்கிறா. நாலு டப்பா நிறைஞ்சாச்சு, அஞ்சாவதைத் தேடுறா. இந்தக் கடிதத்தையும் கையிலேயே எடுத்துக்கிட்டு மதியத்துக்குள்ள வந்துடுவோம். ஒரே ஒரு வேண்டுகோள், சம்பந்தி: தயவுசெஞ்சு டப்பாவைக் காலி பண்ணிக் கழுவிக் கொடுத்துடாதீங்க.