சொம்புக்குப் பின்னால் வந்த ஏழு பூனைகள்

புரட்டாசி மாதத்தில், நெற்றி நிறைய நாமத்தோடும் கையில் துளசி சுற்றிய சொம்போடும் மீன்காரம்மா முன்னால் போய் நின்றவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் கொரட்டூரில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லும் கதையில் பூனைகளின் எண்ணிக்கை பதினைந்து. உண்மையில் ஏழுதான். (ஏழே போதும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.)

எனக்கு ஊர் கோவில்பட்டி பக்கம். அம்பத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அங்கேயே வேலை பார்த்த ஹேமாவைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டேன். ஹேமாவின் அப்பாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார், போய்விட்டார். ஒரு வருஷம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு எப்படியோ மனம் இறங்கி, கொரட்டூர் வீட்டின் மாடியில் எங்களைக் குடிவரச் சொன்னார். நாங்கள் வந்தோம். எங்களோடு இரண்டு பூனைகளும் வந்தன. அதைப் பற்றி முன்கூட்டி யாரிடமும் சொல்லவில்லை.

பெரியவன் பெயர் இன்ஸ்பெக்டர். மூக்குக்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டை, மீசை மாதிரி இருக்கும். வீட்டுக்குள் எந்தப் பை வந்தாலும் தலையை உள்ளே விட்டுச் சோதனை போட்ட பிறகுதான் அனுமதிப்பான். சின்னவள் பூரி. உப்பலாக இருப்பாள். துவைத்து மடித்த துணிமேல்தான் தூங்குவாள். துவைக்காத துணி அவள் அந்தஸ்துக்குச் சரிப்படாது. நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் மீட்டிங் தொடங்கியதும் லேப்டாப்புக்கும் எனக்கும் நடுவே வந்து நின்று, மேனேஜருக்குத் தன் பின்பக்கத்தைக் காட்டுவாள். அவளுக்குத்தான் அந்த ஆள் மேல் எவ்வளவு சரியான அபிப்பிராயம் என்று நினைத்துக்கொள்வேன்.

கீழ்வீட்டில் மாமா இந்த இரண்டையும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அத்தை மட்டும் காலையில் பால் ஊற்றுவார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, புரட்டாசி பிறக்கும்வரை.

மாமா வீட்டில் புரட்டாசி என்றால் சாதாரண விஷயம் இல்லை. மாதம் முழுக்கக் கறி, மீன், முட்டை எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது. அது எனக்கும் தெரியும், நானும் தயாராகத்தான் இருந்தேன். பூனைகளின் நிலைமையைத்தான் யாரும் யோசிக்கவில்லை. நான் பூனைத் தீனிப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறும்போது அத்தை பார்த்துவிட்டார். பாக்கெட்டின் முகப்பில் முழு மீன் ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. அதில் நிஜ மீன் அவ்வளவாக இருக்காது என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன்.

"இந்த ஊட்ல சோறு துன்ற எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் தம்பி" என்று சொல்லிவிட்டு, பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்த் தெருக்கோடியில் இருந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டு வந்தார். (அவர்கள் வீட்டில் நாய்தான் இருந்தது.)

தயிர்சாதம் வைத்தோம். இன்ஸ்பெக்டர் மோந்து பார்த்தான். பிறகு முன்னங்காலால் தட்டைச் சுற்றித் தரையைப் பிறாண்டினான். பூனை வளர்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். மண்ணைப் போட்டு மூட வேண்டிய பொருள் என்று சொல்கிறான். மீல்மேக்கரை வேகவைத்துப் போட்டோம். பூரி அதை ஹால் முழுக்கத் தட்டித் தட்டி விளையாடினாள். பால் குடித்தே இரண்டு வாரம் ஓட்டினார்கள். மூன்றாவது வாரம் பூரி பாலையும் விட்டுவிட்டாள். வியாழனும் வெள்ளியும் எதையும் தொடவில்லை. துணிமேல் படுத்தபடி என்னைப் பார்த்தாள். எனக்குத் தாங்கவில்லை. ஹேமாவுக்குத் தெரியாமல் பாத்ரூமில் போய் அழுதேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் அழுதேன்.

இந்த நேரத்தில்தான் அந்த வெள்ளிக்கிழமை மாலை மாமா மாடிக்கு வந்தார். அவர் படியேறி எங்கள் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. நாளைக்கு மூன்றாவது சனிக்கிழமை, பெருமாளுக்குத் தளிகை போட்டுப் படைக்கிறோம், சொந்தக்காரர்கள் இருபத்தைந்து பேர் வருகிறார்கள் என்றார். கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார்.

"கோவிந்தா போடறதுக்கு நீயும் என்கூட வா மாப்ள. சொம்பு ஒன்னு உனக்கு எட்த்து வச்சிக்கீறேன்."

பெருமாளுக்கு வேண்டிக்கொண்டவர்கள் சனிக்கிழமை காலையில் நாமம் போட்ட சொம்பை ஏந்தி, "கோவிந்தா கோவிந்தா" என்று வீடு வீடாகப் போய் அரிசி வாங்குவார்கள். அந்த அரிசியில்தான் பெருமாளுக்குப் பொங்கல் வைத்துப் படைக்க வேண்டும். மாமா நாற்பது வருஷமாகத் தனியாகத்தான் போகிறார். கூட வரட்டுமா என்று கேட்ட சொந்தத் தம்பியையே வேண்டாம் என்றவர். அவர் படியிறங்கிப் போனதும் ஹேமா என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா உன்னை மாப்பிள்ளையாக ஏற்றுக்கொண்டுவிட்டார், இதில் மட்டும் எதையும் சொதப்பிவிடாதே என்று கெஞ்சினாள். சொதப்புவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

காலையில் மாமாவே என் நெற்றியில் நாமம் இட்டார். மஞ்சள் வேட்டி, மேலே துண்டு, தோளில் அரிசி கொட்டிக்கொள்ள ஒரு துணிப்பை. பக்கத்துத் தெருவிலிருந்து ஆரம்பித்தோம். இடதுபக்க வரிசை அவருக்கு, வலதுபக்கம் எனக்கு. அவர் "கோவிந்தா" என்றால் ஏரிக்கரையில் இருக்கும் கொக்கு எழுந்து பறக்கும். என்னுடையது ஆபீஸ் மீட்டிங்கில் பேசிப் பழகிய குரல். முதல் வீட்டில் கூரியர்காரன் என்று நினைத்துக் கையெழுத்துப் போட வந்தார்கள்.

நாலு வீடு தாண்டி, தெரு முனையில் மீன்காரம்மா உட்கார்ந்திருந்தார். புரட்டாசியில் யார் வாங்குவார்கள்? தட்டில் காரப்பொடி மீன் மட்டும் கொஞ்சம், ஐஸுக்கு நடுவே பளபளவென்று கிடந்தது. மாமா எதிர்வரிசையில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பூரியின் முகம் ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், கால் தானாக நின்றுவிட்டது.

அந்த அம்மா என் நாமத்தைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, வயி மாறி வந்துட்டியா?"

வீட்டில் பூனை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று கிசுகிசுத்தேன். கொஞ்சம் மீன் வேண்டும், கையில் காசில்லை, சாயங்காலம் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். அந்த அம்மா சட்டென்று எழுந்து, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டார். பெருமாள் பேரைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பவனிடம் காசு வாங்கினால் நான் உருப்படுவேனா என்று கேட்டபடி, இரண்டு கையாலும் காரப்பொடியை அள்ளிக் கறுப்பு கவரில் போட்டு முடிச்சுப் போட்டு நீட்டினார். பிறகு குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

கவரை எங்கே வைப்பது? இரண்டு கையிலும் சொம்பு. வேட்டியோ, எனக்குக் கட்டத் தெரியாததால், வெறும் நம்பிக்கையில் இடுப்பில் நின்றுகொண்டிருந்தது; அதில் கால் கிலோ மீனைச் செருகினால் தெருவில் வேறு விதமான அதிசயம் நடந்துவிடும். ஆகவே பைக்குள் போட்டேன். முடிச்சுதான் போட்டிருக்கிறதே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அடுத்த வீட்டு அரிசி அதன்மேல் விழுந்தது. அதற்கடுத்த வீட்டு அரிசியும் விழுந்தது. ஐஸ் உருகுவதற்கு என்னைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆறாவது வீட்டில் திரும்பிப் பார்த்தபோது ஒரு பழுப்புப் பூனை நின்றது. எட்டாவது வீட்டில் மூன்று. நான் நடந்தால் நடந்தன, நான் நின்றால் உட்கார்ந்தன. "போ போ" என்று காலால் விரட்டினால் தெருவில் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் சத்தமாகக் "கோவிந்தா" என்று கத்திப் பார்த்தேன். அவை இன்னும் நெருங்கி வந்தன. எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது ஏழு. முன்வரிசையில், வாலை நெட்டுக்குத்தலாகத் தூக்கிக்கொண்டு, எனக்குப் பாதுகாப்பு கொடுப்பவன் போல இன்ஸ்பெக்டர் வந்தான். வாசலுக்கு வந்த பெண்கள் கையில் அரிசியோடு அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவர் செல்போனை எடுத்து வீடியோ பிடித்தார். இன்னொருவர் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து என் காலைக் கழுவிக் கற்பூரம் காட்டினார். ஏழு பூனைகளும் வரிசையாக உட்கார்ந்து என் தோளையே பார்த்தன. அவர்கள் கண்ணுக்கு அது என் முகத்தைப் பார்ப்பதாகத்தான் பட்டது.

மாமா எதிர்ப்பக்கத்திலிருந்து தெருவைக் கடந்து வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நாப்பது வருசமா சுத்தறேன் மாப்ள. என் பின்னால ஒரு எறும்பு கூட வந்ததில்ல."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், "கோவிந்தா" என்றுதான் வந்தது.

வீட்டுக்குள் போவதற்குள் விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. வாசலில் சொந்தக்காரர்கள் கூட்டம். ஒரு பெரியம்மா என் துண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாமா எல்லாருக்கும் முன்னால் நின்று, தன் பையைக் கீழே வைத்துவிட்டு, இன்றைக்குப் பெருமாளுக்கு மாப்பிள்ளை கொண்டுவந்த அரிசியில்தான் முதல் பொங்கல் என்று அறிவித்தார். அடுப்பில் வெண்கலப் பானை ஏறியிருந்தது. அவர் என் பையை வாங்கக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

அவர் சிரித்துக்கொண்டே இழுத்தார். நானும் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டேன். பெரிய மனுஷனின் அடக்கம் என்று யாரோ சொன்னார்கள். எதையாவது சொல்லி உள்ளே போய்க் கவரை மட்டும் உருவி எறிந்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு யோசனை ஓடியது. ஆனால் அந்த மனிதர் நாற்பது வருஷமாக மனசாரச் செய்கிற காரியம் இது. அதில் மீன் தண்ணீரில் ஊறிய அரிசியைப் பொங்கவிட்டுவிட்டு, அப்புறம் எந்த முகத்தோடு அவர் வீட்டு மாடியில் குடியிருப்பது?

"மாமா, இத வைக்க வேண்டாம். உள்ள மீன் இருக்கு."

எல்லாரும் ஓர் அடி பின்வாங்கினார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் என் வேட்டியைப் பிடித்து ஏறிப் பைக்குள் தலையை விட்டான். சாட்சி அவன்தான். நான் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க ஹேமாவின் முகம் சிவந்தது. அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா தன் கண்ணை அவசரமாகக் கழுவப் போனார்.

மாமா பையை வாங்கி உள்ளே பார்த்தார்.

"காசு குட்த்து வாங்கினியா?"

இல்லை என்றேன். பெருமாள் பேரைச் சொல்லி வந்தவனிடம் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "கோவிந்தான்னு போய் நின்னுக்கீற. அந்தம்மாகிட்ட இன்னா இருந்துச்சோ அத்த குட்த்துகீது. வாண்டாம்னு சொல்றதுக்கு நாம யாரு?" பிறகு மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த மற்ற ஆறு பேரையும் நிமிர்ந்து பார்த்தார். "ஆனா இது பெருமாளுக்கு ஆவாது. யாருக்கு வந்துச்சோ அவங்களுக்கே போடு."

முதலில் சிரித்தது ஹேமாதான். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அத்தை அவளை அதட்ட வாயைத் திறந்து, பாதியில் அவரும் சிரித்துவிட்டார். அப்புறம் வாசல் முழுக்கச் சிரிப்பு. மாமாவின் பையிலிருந்த அரிசியில் பெருமாளுக்குப் பொங்கல் வெந்தது. என் அரிசி வீட்டுக்குப் பின்னால், கொல்லைப்புறத்தில் தனி அடுப்பில், பழைய குண்டானில், காரப்பொடியோடு வெந்தது. நான் தலைக்குக் குளித்துவிட்டு வந்தபோது பூரி மாடியிலிருந்து தானாக இறங்கி வந்து குண்டானுக்குள் முகத்தைப் புதைத்துத் தின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் சம்பள உயர்வு வந்தபோதும் வரவில்லை. அதற்கப்புறம் வந்த புரட்டாசிகளில் கொல்லைப்புறம் மட்டும் சட்டத்துக்கு வெளியே என்று அத்தையே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

ஆனால் சொம்பு இனி என் கைக்கு வராது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். மறு வருஷம் மூன்றாவது சனிக்கிழமை, காலை ஆறு மணிக்கு மாமா மாடி ஏறி வந்தார். என்னை உட்காரவைத்து நாமம் போட்டார். சொம்பை என் கையில் கொடுத்தார். நான் பைக்குக் கையை நீட்டினேன். அதை அவர் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"சொம்பு உன்கிட்ட இர்க்கட்டும் மாப்ள. பை என்கிட்ட இர்க்கட்டும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் நான் முன்னால் கோவிந்தா போட, அவர் பையோடு இரண்டடி பின்னால் வருகிறார். வாசலுக்கு வருகிற பெண்கள் அரிசி போடுவதற்கு முன்னால் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார்கள்; மாமாவைப் பார்த்ததும் முகம் வாடிப்போய், இந்த வருஷமும் இவர் மட்டும்தானா என்று கேட்கிறார்கள்.