எது விலை கூடின பெட்டி?

நேரில் எனக்குப் பொய் வராது, முகமே காட்டிக்கொடுத்துவிடும். தொலைபேசியில் மட்டும் அப்படி வரும், அரிச்சந்திரனுக்கே பாடம் எடுத்தவள் போல அவ்வளவு நம்பிக்கையாக. என் வாழ்க்கையின் மிகப் பெரிய பொய்யை வெள்ளவத்தையில், வெளிநாட்டு அழைப்புகள் பேசும் ஒரு கொமினிகேஷன் கடையின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுதான் சொன்னேன்.

யுத்த காலம். எனக்கு இருபத்து நான்கு வயது. அப்பா காலமான பிறகு நானும் அம்மாவும் வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பில் இரண்டு அறைகளில் இருந்தோம். யாழ்ப்பாணத்து வீட்டின் சாவி அம்மாவின் கைப்பையில் இருந்தது. வீடு இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது. ரொறொன்ரோவில் இருந்த ஒருவருக்கு என்னைக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். படத்தில் ஆள் பரவாயில்லை (மீசை கொஞ்சம் கூட). குரல் நல்ல குரல். அந்தக் குரல் ஒருநாள் கேட்டது: "இஞ்ச நான் ரெண்டு வேலை. சமைக்க நேரமில்லை. பிரீசருக்குள்ள இருக்கிற பெட்டிச் சாப்பாடுதான். உங்களுக்கு அது சரிவருமோ?"

"ஓம், நாங்களும் இஞ்ச அடிக்கடி அதுதான் சாப்பிடுறனாங்கள்" என்றேன். எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியே கிடையாது.

நான் இப்படிப் பொய் சொன்னதற்குக் காரணம் கனடா ஆசை மட்டுமல்ல. நான் போனால் அம்மா தனி. இரவில் பதிவுக்கும் சோதனைக்கும் கதவைத் தட்டும் ஊரில் அம்மாவைத் தனியே விட்டுவிட்டுப் போக எனக்கு நெஞ்சு இடம் கொடுக்கவில்லை. அம்மாவையும் கனடாவுக்குக் கூப்பிடச் சொல்லிக் கேட்க வேண்டும். அம்மாவோ, வாய் திறந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று எனக்கு வாய்ப்பூட்டுப் போட்டிருந்தார். ஆகவே நான் ஒரு திட்டம் போட்டேன். முதலில் மாமியை மயக்குவது, பிறகு கேட்பது.

மாமி என்றால் மாப்பிள்ளையின் தாய். கொட்டாஞ்சேனையில் மகளோடு இருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை. மகன் எவ்வளவு கெஞ்சியும் அந்தக் குளிருக்கு வரமாட்டேன் என்று கொழும்பிலேயே இருந்துவிட்டவர். ஒரு சனிக்கிழமை மதியம் என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அன்றைக்குப் பெட்டிச் சாப்பாடு கொடுப்பது என்று முடிவெடுத்தேன். அதுவும் ஒன்றல்ல, இரண்டு: மலிவானது ஒன்று, விலை கூடியது ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்து, ருசி எப்படி, கொடுத்த காசுக்குப் பெறுமதியா என்று விளக்கினால், நாகரிகமும் சிக்கனமும் சேர்ந்த மருமகள் என்று மாமி சொக்கிப்போவார் (என் மூளை அப்போது அப்படித்தான் வேலை செய்தது). அம்மாவை அன்றைக்கு அடுப்படிக்கே வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

சனி காலையில் கொள்ளுப்பிட்டியில் ஒரு சுப்பர்மார்க்கட்டுக்குப் போனேன். இரண்டு பெட்டியிலும் ஒரே சங்கதிதான்: கோழி, மசித்த உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி. ஒன்று உள்ளூர்த் தயாரிப்பு. மற்றது கப்பலில் வந்தது, மூன்று மடங்கு விலை. அதன் மட்டையில் இருந்த கோழி எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரிப் பளபளத்தது.

வரும் வழியில் பம்பலப்பிட்டியில் சோதனைச் சாவடி. பஸ்ஸில் இருந்த எல்லோரையும் இறக்கினார்கள். என் பையைத் திறந்ததும் வெள்ளைப் புகை எழும்பியது. பெண் பொலிஸ் இரண்டடி பின்னால் போனார். "மேக மொகத்த?" என்றார் சிங்களத்தில், இது என்ன என்று. "கேம" என்றேன், சாப்பாடு என்று. அவர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். கல்லு மாதிரிச் சத்தம் கேட்டது. அந்தக் காலத்தில் தண்ணீர்ப் போத்தலோடு போனால் ஒரு மிடறு குடித்துக் காட்டச் சொல்வார்கள். அதே சட்டம் எனக்கும் வந்தது. "காலா பலன்ன" என்றார், தின்று காட்டு என்று.

நடு வீதியில், பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, இரண்டு பெட்டியையும் கிழித்து பெட்டிக்கொரு பட்டாணியை வாயில் போட்டேன். மலிவான பட்டாணியும் பல்லைப் பதம் பார்த்தது, விலை கூடிய பட்டாணியும் பதம் பார்த்தது. என் ஒப்பீட்டு ஆராய்ச்சியின் முதல் முடிவு அதுதான். எல்லோரையும் சோதித்து முடிக்க முக்கால் மணித்தியாலம் ஆனது. வெயிலில் மட்டைகள் ஊறிக் கழன்றுவிட்டன. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பையில் இருந்தவை இரண்டு ஈயத்தாள் தட்டுகளும் கொஞ்சம் தண்ணீரும்.

மாமி வர அரை மணித்தியாலம். மைக்ரோவேவ் என்ற சாமானை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அவித்தால் எதுவும் சூடாகும்தானே? இடியப்பம் அவிக்கிற பானையை அடுப்பில் ஏற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டையும் வைத்து மூடினேன். அம்மா அடுப்படி வாசலில் நின்று, "பிள்ளை, நான் ஒண்டும் சொல்லேல்லை" என்று மூன்று தரம் சொன்னார்.

திறந்தபோது கிழங்கு கஞ்சியாகியிருந்தது. பட்டாணிகள் அதில் நீந்தின. மேல்தட்டுக் குழம்பு கீழ்த்தட்டுக்கு வழிந்து, எது உள்ளூர், எது கப்பல் என்று கடவுளுக்கே தெரியாத நிலை. அந்த நேரம் பார்த்து மாமி வந்து கதவைத் தட்டினார்.

புத்தியுள்ள பெண் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பாள். நான் இரண்டு தட்டையும் கொண்டுவந்து மாமியின் முன்னால் வைத்து, உத்தேசமாக வலதுபக்கத்தைக் காட்டி, இதுதான் விலை கூடியது என்று ஆரம்பித்தேன். கோழியின் மென்மை, கிழங்கின் வாசம், வெளிநாட்டுத் தரமே தனி, மலிவானதில் இந்த நயம் வராது, குடும்பம் நடத்துகிறவளுக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டும் என்று ஐந்து நிமிடம் பொழிந்தேன்.

மாமி ஒரு கரண்டி வாயில் வைத்தார். மெதுவாக விழுங்கினார். பிறகு நான் புகழ்ந்த தட்டைத் தூக்கி, கண்ணாடியைச் சரிசெய்து, அடிப்பக்கத்தைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கொப்பி திருத்தும் குரலில் வாசித்தார்: "இலங்கையில் தயாரிக்கப்பட்டது."

ஈயத்தாளில் மூன்று மொழியிலும் அச்சுக் குத்தியிருந்தது. முடிந்தது கதை, அம்மாவின் பயணத்தையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மாமி தட்டை வைத்துவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, படியேறி வரேக்குள்ள கத்தரிக்காய்க் குழம்பு மணத்தது. அது உங்கட வீடோ?"

எங்கள் வீடுதான். நான் கடைக்குப் போன இடைவெளியில் அம்மா, எதற்கும் இருக்கட்டும் என்று புட்டும் குழம்பும் செய்து கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தார். (குழம்பை ஒளிக்கலாம், மணத்தை எங்கே ஒளிப்பது?) மாமி இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். போகும்போது அம்மாவிடம் மட்டும் விடைபெற்றார். நான் கேட்க நினைத்ததைக் கேட்கவும் இல்லை.

ஞாயிறு மாலை கொமினிகேஷன் கடைக்கு மாப்பிள்ளையின் அழைப்பு வந்தது. சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டே கூண்டுக்குள் போனேன்.

"அம்மா உங்களைப் பற்றிச் சொன்னவா" என்றது நல்ல குரல். "பெட்டைக்குப் பெட்டிச் சாப்பாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, வாய் மட்டும் ரேடியோ மாதிரி எண்டா. தாயையும் சேர்த்துக் கூப்பிடு, இல்லாட்டி ரெண்டு பேரும் பட்டினி கிடந்து சாவியள் எண்டா."

நான் அந்தக் கூண்டுக்குள் நின்று அழுத அழுகையைப் பார்த்து, கடைக்காரர் யாரோ செத்துவிட்டதாக நினைத்து, தன் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்.

இன்றைக்கு ரொறொன்ரோவில் எங்கள் பிரீசர் நிறைய அம்மாவின் புட்டும் குழம்பும் ஈயத்தாள் தட்டுகளில் அடுக்கிக் கிடக்கின்றன. வேலையால் வந்ததும் இவர் இரண்டை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டி, பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க, "எது விலை கூடின பெட்டி?" என்று கேட்பார். இருபது வருடத்துக்கு மேலாக இதே கேள்வி. நான் பார்க்காமலே வலதுபக்கத்தைக் காட்டுவேன்.

போன கிழமை நான் எரிச்சலில், அந்தக் கதையை இனி விடுங்களேன் என்று சத்தம் போட்டேன். சோபாவில் போர்வைக்குள் இருந்த அம்மா தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"சொல்லட்டும் பிள்ளை. நீ அண்டைக்கு ஒழுங்காச் சமைச்சிருந்தா, நான் இண்டைக்கும் வெள்ளவத்தையிலதான்."